ஆர்வியின் சாமான் அறைக் கதவும் உடைந்த கைப்பிடியும்

ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஆயிரக்கணக்கான ஆர்விகள், அதாவது வீடுபோல் தங்கிப் பயணிக்கும் வண்டிகள், வந்து தங்கும் குவார்ட்சைட், அமெரிக்காவில் அரிசோனாவின் மேற்கு ஓரத்தில் உள்ள ஒரு சிறிய பாலைவன ஊர். சென்ற ஜனவரியில் அங்கே எங்கள் பழைய மோட்டார்ஹோமை நிறுத்தி, நான்கு ஜாக்கிகளையும் தரையில் ஊன்றி மட்டம் பார்த்து முடித்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. வெளியடுப்பும் தோசைக்கல்லும் இருந்த, வெளியிலிருந்து திறக்கும் வலப்புறச் சாமான் அறையைத் திறக்கப் போனேன், கதவு அசையவில்லை. பூட்டில் சாவி திரும்பியது, கைப்பிடித் தகடும் மேலே வந்தது, கதவு மட்டும் வரவில்லை. இரண்டு கைகளாலும் பிடித்து, காலை வண்டியில் ஊன்றி இழுத்தேன். தகடு பாதியாக முறிந்து என் கையோடு வந்தது. அன்று இரவு ரொட்டிதான்.

மறுநாள் காலையில் பக்கத்து வண்டியிலிருந்த முதியவர் ஒருவர் வந்து, உடைந்த கைப்பிடியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, இன்னொரு கதவின் அருகே என்னை அழைத்துப் போனார். அதுவும் இறுகித்தான் இருந்தது. அவர் முழங்காலால் கதவின் கீழ்விளிம்பை மெல்ல உள்ளே அழுத்திக்கொண்டே கைப்பிடியைத் தூக்கினார். கதவு தானாக விட்டுக்கொடுத்தது. காரணம் மிக எளியது. கதவைச் சுற்றி உள்ளீடற்ற ரப்பர் பட்டை ஒன்று ஓடுகிறது. கதவு மூடியிருக்கும்போது நசுங்கிக் கிடக்கும் அந்தப் பட்டை, கதவை ஓயாமல் வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. அந்தத் தள்ளல் முழுவதையும் தாங்கி நிற்பது, சட்டத்திலுள்ள இரும்பு முளையைக் கவ்வியிருக்கும் தாழ்ப்பாள். நாம் வெளியே இழுக்க இழுக்க அந்தக் கவ்வல் இன்னும் இறுகுமே தவிரத் தளராது. உள்ளே அழுத்தினால்தான் தாழ்ப்பாளின் மேல் இருக்கும் சுமை குறைந்து, அது நகர இடம் கிடைக்கிறது.

என் கதவுக்கு அது மட்டும் போதவில்லை. தரை சரிவாக இருந்ததால் முன் வலது ஜாக்கியை நான் மற்றவற்றைவிட நிறைய உயர்த்தியிருந்தேன். இவ்வளவு நீளமான வண்டியின் அடிச்சட்டம் ஒரு மூலையில் தூக்கினால் சற்றே முறுக்கிக்கொள்ளும். நீள்சதுரமாக இருக்க வேண்டிய கதவு வாசல் சில மில்லிமீட்டர் கோணலாகிக் கதவை இரு பக்கமும் பிடித்துக்கொள்ளும். ஜாக்கியை இறக்கியதும் கதவில் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. அப்போதும் திறக்கவில்லை, ஏனென்றால் பிடித்து இழுக்க அங்கே கைப்பிடியே இல்லை.

நல்லவேளையாக எங்கள் வண்டியில் அந்த அறை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஒரே பொந்தாக ஓடுகிறது. எதிர்ப்பக்கக் கதவைத் திறந்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, நாற்காலிகளுக்கும் குழாய்ச் சுருளுக்கும் நடுவே குப்புறப் படுத்து ஊர்ந்து போனேன். அகலமான கதவுகளுக்கு இரு ஓரங்களிலும் இரண்டு தாழ்ப்பாள்கள் உண்டு. நடுவிலுள்ள கைப்பிடியிலிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள் அவற்றுக்குப் போகின்றன. இடப்புறக் கம்பியை மாட்டியிருந்த சிறு பிளாஸ்டிக் கொக்கி வெயிலில் காய்ந்து உடைந்து, கம்பி தொங்கிக்கொண்டிருந்தது. அதாவது, நான் கைப்பிடியைத் தூக்கிய ஒவ்வொரு முறையும் ஒரு தாழ்ப்பாள் மட்டுமே திறந்திருக்கிறது. குறட்டால் அந்தக் கம்பியை இழுத்ததும் கதவு திறந்து, வெளிச்சமும் மனைவியின் முகமும் ஒருசேரத் தெரிந்தன.

அடுத்த இரண்டு நாட்களும் மற்றக் கதவுகளுக்கே போயின. சாவித் துளைக்குள் எண்ணெய் விடுவது நான் ஆண்டுக்கணக்கில் செய்துவந்த தவறு. பாலைவனப் புழுதி அதோடு சேர்ந்து சேறாகிவிடுகிறது. அங்கே உலர்ந்த கிராஃபைட் தூள்தான் சரி. டபிள்யூடி-40 என்ற தெளிப்பு பலர் வீட்டிலும் இருக்கிறது. அது 1953-இல் சான் டியேகோவில் உருவான கலவை; நீரை விலக்குவதற்கானது என்பது அதன் பெயரிலேயே இருக்கிறது (டபிள்யூடி என்றால் ‘வாட்டர் டிஸ்பிளேஸ்மென்ட்’, நீர் விலக்கம்). துருப்பிடித்த தாழ்ப்பாளை விடுவிக்க அது மிக நன்று, ஆனால் நீடித்து நிற்கும் மசகு அதுவன்று. ஆகவே அதைக் கொண்டு அழுக்கைக் கழுவித் துடைத்தபின், நகரும் பாகங்களில் வெள்ளை லித்தியம் கிரீஸை மெல்லிதாகத் தடவினேன். ரப்பர் பட்டைக்குச் சிலிக்கோன் தெளிப்பு மட்டுமே. இப்பட்டைகள் பெரும்பாலும் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் உப்பிப்போகும் வகை ரப்பர், உப்பினால் கதவு முன்னைவிட இறுகும்.

கதவின் இறுக்கத்தைச் சரிசெய்ய, தாழ்ப்பாள் கவ்வும் இரும்பு முளையை நகர்த்துவதில்தான் பொறுமை வேண்டும். கழற்றுவதற்கு முன் அதன் விளிம்பைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுவிட்டு, மரையைத் தளர்த்தி, ஒரு முறைக்கு ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் நகர்த்தாமல் இருப்பது நல்லது. பிறகு ரப்பர் பட்டையின் மேல் ஒரு தாள் துண்டை வைத்துக் கதவை மூடி, தாளை இழுத்துப் பார்த்தேன்: லேசான பிடிப்போடு வந்தால் சரி, கிழிந்தால் இறுக்கம் அதிகம், வழுக்கிக்கொண்டு வந்தால் மழைநீர் உள்ளே போகும்.

புதிய கைப்பிடி வாங்கும்போது பழைய கைப்பிடியின் வெளிச்சட்டத்தை அளந்து ஒரு முறை ஏமாந்தேன். அளக்க வேண்டியது கதவில் வெட்டியிருக்கும் துளையை. வந்த கைப்பிடியின் சாவியில் சிஎச் 751 என்று பொறித்திருந்தது. அமெரிக்காவில் எண்ணற்ற ஆர்விகளின் சாமான் அறைகள் இதே எண்ணுள்ள சாவிக்குத் திறப்பவை. சோதித்துப் பார்க்க அந்த முதியவரிடம் அவருடைய சாவியைக் கேட்டு வாங்கிப் போட்டேன். முழங்கால் உதவியில்லாமலேயே திறந்தது.