47/17க்கு மாறினேன், காக் நழுவுவதும் நின்றது

ஒருவழியாக அந்த 'டக்' சத்தம் ஒழிந்தது. ஃபிக்ஸி, அதாவது மிதியும் பின்சக்கரமும் எப்போதும் சேர்ந்தே சுற்றும் சைக்கிள், ஓட்டுபவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று உடனே புரியும். மிதியைப் பின்னால் அழுத்தி வேகத்தைக் குறைக்கும்போது ஒரு 'டக்', திரும்ப முன்னால் மிதித்தால் இன்னொரு 'டக்'. இரண்டுக்கும் நடுவில் கால் அரை விரற்கடை தூரம் காற்றில் தொங்கும். கால் நின்றாலும் உருளும் ஃப்ரீவீல் சைக்கிளில் இது எரிச்சல் மட்டும்தான். காலே பிரேக்காக இருக்கும் வண்டியில் அந்த அரை விரற்கடை வயிற்றைக் கலக்கும்.

இரண்டு கடைகளில் காட்டினேன். ஒருவர் செயின் தளர்ச்சி என்றார். இன்னொருவர் மரையில் பசை போட்டு இறுக்கிவிடலாம் என்றார். எனக்கு இரண்டிலும் நம்பிக்கை வரவில்லை. திருத்தத் திரவம் இருக்கிறதே, எழுத்துப் பிழையை அழிக்கும் அந்த வெள்ளை மை, அதை எடுத்து காக் என்ற பின் பல்சக்கரத்திலிருந்து சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப் வரை குறுக்கே ஒரு கோடு போட்டேன். சாங்கி கடற்கரையோரப் பூங்கா இணைப்புப் பாதைக்குப் போய் நன்றாகப் பின்னழுத்தம் கொடுத்துவிட்டு வந்து பார்த்தால் கோடு உடைந்திருந்தது. காக்கில் இருந்த பாதி ஒரு பக்கம், ஹப்பில் இருந்த பாதி இன்னொரு பக்கம். செயின் மீது பழி போட்டவர்களுக்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

காக் மாட்டும் மரை வலது மரை. முன்னால் மிதிக்க மிதிக்க அது தானாக இறுகும், பின்னால் அழுத்தினால் கழலப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் அதற்கு வெளியே, சற்றுச் சிறிய விட்டத்தில், இடது மரையில் லாக்ரிங் என்ற பூட்டு வளையம். காக் கழல முயன்றால் லாக்ரிங்கையும் அதே திசையில் இழுக்கும். அந்தத் திசை லாக்ரிங்குக்கு இறுகும் திசை. இந்த ஏற்பாட்டை யோசித்தவருக்கு ஒரு கும்பிடு. ஆனால் இது வேலை செய்ய லாக்ரிங் காக்கைத் தொட்டு அழுத்த வேண்டும். என் ஹப்பில் அது தொடவே இல்லை! பழைய காக் அடிப்பாகம் மெல்லியது. அதனால் லாக்ரிங் இரண்டு மரைகளும் சந்திக்கும் படியில் முட்டி நின்றுவிட்டது. கைக்கு இறுகியது போலத்தான் இருக்கும். கடை ரசீது ஒன்றை மடித்து இடையில் விட்டுப் பார்த்தேன், சுற்றிலும் தங்குதடையில்லாமல் போய் வந்தது. அந்த ரசீதுத் தாள் அளவு இடைவெளிதான் என் 'டக்'.

ஆகவே அடிப்பாகம் தடித்த காக் ஒன்று வாங்கினேன். ஜப்பானின் கெய்ரின் டிராக் பந்தயத்துக்கு ஏற்ற சாமான் என்று சொல்லும் என்ஜேஎஸ் முத்திரை போட்ட ஷிமானோ டூரா-ஏஸ், 17 பல், ஜப்பானிலிருந்து வந்தது. ஷிமானோவுக்கு 1973 முதல் சிங்கப்பூரிலேயே தொழிற்சாலை இருக்கிறது, ஆனாலும் நம் டிராக் சாமானுக்குக் கப்பலைப் பார்த்துத்தான் உட்கார வேண்டியிருக்கிறது. பழைய பொருள் விற்கும் கரௌசல் தளத்தில் பழைய காக் மலிவாகக் கிடைக்கும். படத்தில் மரை தெரியாவிட்டால் கேட்டு வாங்கிப் பாருங்கள். பல் தேய்ந்ததை வைத்துக் கொஞ்ச நாள் ஓட்டலாம், மரை தேய்ந்ததைத் தொடவே கூடாது.

இனி இறுக்கும் வேலை. செயின்விப், அதாவது செயின் துண்டு மாட்டிய கைப்பிடி, வைத்துக் கையால் இறுக்குவது போதாது என்பது என் உறுதியான கருத்து. ரோட்டாஃபிக்ஸ்தான் வழி, அதாவது சக்கரத்தையே நெம்புகோலாக்கி இறுக்குவது. மரையைத் துடைத்து கிரீஸ் தடவிக் கையால் காக்கை ஏற்றிக்கொள்ளுங்கள். சக்கரத்தைச் சட்டகத்தில் மாட்டி, மிதியின் அச்சு உட்காரும் பாட்டம் பிராக்கெட் மேல் தடித்த துணி சுற்றி, அதன்மேல் பழைய செயினைச் சுற்றிக் கொண்டுவந்து காக்கின் மேல்பக்கமாகப் போட்டு, செயின் தன்னையே கவ்விப் பிடிக்கும்படி செய்ய வேண்டும். பிறகு சக்கரத்தைப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். செயின் காக்கைப் பிடித்துக்கொள்ளும், ஹப் மட்டும் திரும்பும். டயரோடு சேர்த்துச் சக்கரத்தின் ஆரம் சுமார் 34 செ.மீ., 17 பல் காக்கின் ஆரம் சுமார் 3.4 செ.மீ. ஏறக்குறைய பத்து மடங்கு நெம்புவிசை. நாம் பெரிதாக முக்க வேண்டியதே இல்லை. முதலில் செயின் துணிக்குள் புதையும், அப்புறம் ஒரு கட்டத்தில் காக் 'க்ரீச்' என்று கடைசியாக ஒரு நூலளவு நகர்ந்து நிற்கும். அந்தச் சத்தம் கேட்கும்வரை விடாதீர்கள். துணியை மெலிதாகச் சுற்றினால் சட்டகத்தில் பெயின்ட் போய்விடும். அலுமினியச் சட்டகத்தில் இன்னும் ஒரு மடிப்புக் கூடுதலாகவே வையுங்கள்.

அதன்மேல் லாக்ரிங், இடதுபக்கமாகச் சுற்றி. இதற்கு ஹோசான் ஸ்பேனர் ஒன்று போதும், காலத்துக்கும் நிற்கும். கொக்கி லாக்ரிங்கின் வெட்டில் முழுதாக உட்காரும், வழுக்காது. ரசீதுத் தாளை மறுபடி விட்டுப் பார்த்தேன், நுழையவில்லை. வெள்ளைக் கோடு இன்றுவரை ஒரே கோடாக இருக்கிறது.

16லிருந்து 17க்குப் போனதற்கு இன்னொரு காரணம் டயர். வண்டி வந்ததே 48/16இல்தான், அதாவது முன்னால் 48 பல், பின்னால் 16. வகுத்தால் சரியாக 3. மிதி ஒரு சுற்று சுற்றினால் சக்கரம் மூன்று முழுச் சுற்று. அப்படியென்றால் வலது கால் முன்னால் வரும் ஒவ்வொரு தடவையும் டயரின் அதே இடம்தான் தரையில் இருக்கும். ஸ்கிட் பண்ணினால், அதாவது காலால் மிதியை நிறுத்திப் பின்சக்கரத்தைச் சறுக்க விட்டால், அந்த ஓரிடம் மட்டும் தேயும், மற்ற பக்கமெல்லாம் புதுசாகவே இருக்கும். என் பின்டயரில் அந்த இடத்தில் நூல் தெரிந்தது. 47/17ஐச் சுருக்க முடியாது, எனவே தேய்மானம் 17 இடங்களுக்குப் பிரியும். 47 ஒற்றை எண் என்பதால் இரண்டு காலையும் மாற்றி மாற்றி ஸ்கிட் பண்ணுபவருக்கு அதுவே 34. 48/17 என்றால் கால் மாற்றினாலும் 17தான். அழகான விஷயம் ஒன்று: 48+16, 47+17 இரண்டுமே 64. செயினை வெட்டவோ கூட்டவோ வேண்டாம், அச்சும் ஏறக்குறைய பழைய இடத்திலேயே உட்காரும்.

ஸ்கிட்டும் இப்போது சொன்ன பேச்சைக் கேட்கிறது. மிதிகள் கிடைமட்டமாக வரும் நேரத்தில் இடுப்பை ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம் வரை முன்னால் தள்ளி, முன்காலால் மிதியின் வாரை மேலே இழுத்து, பின்காலால் கீழே அழுத்த வேண்டும். வார் தளர்ந்திருந்தால் எதுவும் நடக்காது. மழை பெய்த பாதையில் ஸ்கிட் கேட்காமலே வரும், வேகம் குறையாது. சாக்கடை மூடிகள், ஜீப்ரா கோடுகள் மேல் நான் ஸ்கிட் முயல்வதே இல்லை.

இவ்வளவும் செய்துவிட்டு முன்பக்கம் பிரேக் ஏன் வைத்திருக்கிறாய் என்று கூட ஓட்டும் தம்பிகள் கேட்கிறார்கள். சட்டம் ஒரு காரணம். 2021 செப்டம்பர் 1 முதல் இங்கே பொதுப் பாதையிலோ சாலையிலோ ஓட்டும் சைக்கிளில் வேலை செய்யும் கைப்பிரேக் ஒன்றாவது இருக்க வேண்டும். மீறினால் 1,000 வெள்ளி வரை அபராதம், சிறையும் உண்டு. ஆனால் சட்டம் இல்லாவிட்டாலும் நான் வைத்திருப்பேன். வேகம் குறையும்போது எடை முன்சக்கரத்துக்கு ஓடிவிடும், பின்சக்கரத்துக்குப் பிடிமானமே மிஞ்சாது. பின்சக்கரம் மட்டும் பிடித்தால் புவியீர்ப்பில் கால் பங்கு அளவுக்குத்தான் வேகத்தைக் குறைக்க முடியும். மணிக்கு 25 கி.மீ.யில், அதாவது பகிர்வுப் பாதையின் உச்ச வேகத்தில், நிற்க ஏறக்குறைய 10 மீட்டர். முன்பிரேக்கால் அதைப் பாதியாக்கலாம். வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிக்குக் கீழே ஒரு பிள்ளை பந்தைத் துரத்திக்கொண்டு ஓடிவந்தால் அந்த ஐந்து மீட்டர்தான் எல்லாம். அப்புறம் செயின் அறுந்தால்? காலால் எதைப் பிடிப்பது? பிரிட்டனிலும் 1983 விதிகளின்படி ஃபிக்ஸிக்கு முன்பிரேக் கட்டாயம்.

அன்றாடம் வேகத்தைக் குறைப்பது என் கால்கள்தான், பிரேக் நெம்புகோலைத் தொடுவது அபூர்வம். ஃபிக்ஸியின் சுகம் பிரேக் இருப்பதால் ஒரு துளியும் குறையவில்லை, இதை அடித்துச் சொல்வேன். டிராக் சட்டகத்தில் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் பிரேக் துளை இருக்காது என்பதுதான் தொல்லை. கார்பன் ஃபோர்க்கில் துளை போட ஆசைப்படாதீர்கள், துளையுள்ள ஸ்டீல் ஃபோர்க் ஒன்றை மாற்றிவிடுங்கள். பிரேக் காலிப்பர் வாங்குமுன் துளையிலிருந்து ரிம் வரை அளந்துகொள்ளுங்கள்.

பிரேக்கைக் கழற்றி ஓட்ட இடம் இல்லாமலில்லை. மலேசியாவின் நீலாயில் தேசிய வெலோட்ரோம், அதாவது சைக்கிள் பந்தய அரங்கம், இருக்கிறது. 2017இல் கெய்ரின் உலகப் பட்டம் வென்ற அசிசுல்ஹஸ்னி அவாங்கின் நாடு அது. மரத்தளம், எதிரே யாரும் வரமாட்டார்கள், எல்லாரும் பிரேக் இல்லாமல் ஒரே திசையில் போவார்கள். விடுமுறைக்குப் போய் ஒரு பயிற்சி நேரம் பதிவு செய்யலாம் என்று நண்பர் ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கிறோம். அதற்குக் கியர் இன்னும் கனமாக வேண்டும், 49/15 போல ஏதாவது. அந்த 15 பல் காக்கையும் இப்போதே தேட ஆரம்பித்துவிட்டேன்.

இங்கே இன்னும் ஒரு வேலை பாக்கி. புது 47 பல் செயின்ரிங், அதாவது முன் பல்சக்கரம், முழு வட்டமாக உட்காரவில்லை. ஒரு பக்கம் செயின் கம்பி போல் விறைக்கிறது, எதிர்ப்பக்கம் அரை அங்குலம் ஆடுகிறது. ஐந்து போல்ட்டையும் லேசாகத் தளர்த்தி, விறைக்கும் இடத்தில் செயினைத் தட்டித் தட்டி நடுவுக்குக் கொண்டுவந்துகொண்டிருக்கிறேன். பாதிக்கு மேல் சரியாகிவிட்டது. மீதியை வார இறுதியில் பார்க்கிறேன். 144 பிசிடியில், அதாவது போல்ட்டுகள் அமையும் வட்டத்தின் விட்டம் 144 மி.மீ. இருக்கும்படி, நல்ல வட்டமான 47 யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.