அந்த ஒரு மணி நேரம் எந்த வகுப்புக் கணக்கு?

ஒரு தகவல் உரிமை மனுவுக்கு நான் எழுதிக் கொடுத்த பதிலில் சட்டப்படி ஒரு குறையும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கீழே எழுதப்போவதைப் படித்தால் வேறு மாதிரித் தோன்றலாம் என்பதால்.

வட்டாரக் கல்வி அலுவலகத்தில் தகவல் உரிமை மனுக்களுக்கு வரைவு போடுவது என் சீட். வருகிற மனுக்களில் பெரும்பாலானவை ஆசிரியர்களைப் பற்றி ஆசிரியர்களே கேட்பவை, யாருக்கு மாறுதல், யார் எத்தனை நாள் மருத்துவ விடுப்பு என்று. பெற்றோர் கேட்டு வருவது அபூர்வம். இது அப்படி வந்தது. கோடு போட்ட நோட்டுத் தாள், பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு, ஒரே கேள்வி. கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் அட்டவணைப்படி ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை வருஷத்துக்கு 200 வேலை நாள், 800 மணி நேரம் பாடம் நடக்க வேண்டும். எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குப் போன கல்வியாண்டில் எத்தனை மணி நேரம் நடந்தது?

நாள் கணக்கைக் கேட்டிருந்தால் அன்றைக்கே பதில் போயிருக்கும். நாள் எல்லா இடத்திலும் இருக்கிறது, வருகைப் பதிவேட்டில், எமிஸ் என்கிற துறையின் இணையப் பதிவில், மாதாந்திர அறிக்கையில். ஐப்பசி கார்த்திகையில் மழைக்கு ஆட்சியர் விட்ட விடுமுறை, திருவாரூர் ஆழித்தேருக்கு விட்ட உள்ளூர் விடுமுறை, இவற்றை எந்தச் சனிக்கிழமையில் ஈடு செய்தார்கள் என்பது வரைக்கும் எடுத்துவிடலாம். அந்தச் சனிக்கிழமையில் பாதிப் பிள்ளைகள் வந்திருக்க மாட்டார்கள், ஆனாலும் நாள் நாள்தான். மணி நேரம் என்று ஒரு பதிவேடு கிடையாது. கால அட்டவணை சுவரில் ஒட்டியிருக்கும், அது நடக்க வேண்டியதைச் சொல்வது. பாடக்குறிப்பேடு எந்தப் பாடம் என்று சொல்லும், எவ்வளவு நேரம் என்று சொல்லாது.

தகவல் உரிமைச் சட்டம் 2005 கைவசம் இருக்கிற தகவலைத்தான் கொடுக்கச் சொல்கிறது, இல்லாததைப் புதிதாகத் தொகுத்து உண்டாக்கித் தரச் சொல்லவில்லை. ஆகவே, வேலை நாள் விவரம் இணைக்கப்பட்டுள்ளது, கோரப்பட்டவாறு வகுப்பு வாரியாக மணிக் கணக்கில் தகவல் பராமரிக்கப்படவில்லை என்று வரைவு போட்டேன். கீழே இன்னொரு வரியும் சேர்த்திருந்தேன், மனுதாரர் விரும்பினால் பள்ளியின் வருகைப் பதிவேடு, நகர்வுப் பதிவேடு, பாடக்குறிப்பேடு ஆகியவற்றை முன்கூட்டித் தெரிவித்து நேரில் பார்வையிட்டுக் குறிப்பு எடுத்துக்கொள்ளலாம் என்று. ஆவணத்தைப் பார்வையிடுவதும் சட்டம் கொடுக்கிற உரிமைதான்.

அலுவலர் அந்த வரியை அடித்துவிட்டார். "கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க தம்பி, கேட்காததுக்கு வழி காட்டாதீங்க." அவர் சொன்னதும் தப்பில்லை, பார்வையிட வேண்டும் என்று மனுவில் இல்லையே. சரி என்று திருத்திய நகல் எடுத்து, மேல்முறையீட்டு அலுவலர் பதவியும் முகவரியும் போட்டு, முப்பது நாள் கெடுவுக்கு வெகு முன்பே அனுப்பிவிட்டோம்.

பதில் கிடைத்ததும் மனுதாரர் நேரிலேயே வந்துவிட்டார். வைக்கோல் கட்டு ஏற்றும் லோடு வண்டி ஓட்டுகிறவர், சட்டைக் காலரில் இன்னும் வைக்கோல் தூசி இருந்தது. சண்டைக்கு வரவில்லை, நான்தான் சண்டையை எதிர்பார்த்து விறைப்பாக உட்கார்ந்திருந்தேன்.

"ஏன் சார், சட்டத்துலயே 800ன்னு போட்டிருக்கு. அதை யாருமே எண்ணுறதில்லையா?"

"நாளை எண்ணுறோம் ஐயா. நாள் வந்துட்டா மணி தானா வந்துடும். ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் பாடம் நடந்தாலே 800 ஆயிடுது."

"ஒரு வாத்தியார் பயிற்சிக்குப் போயிடுறாங்க. இன்னொருத்தர் அஞ்சு கிளாஸையும் ஒரே ரூம்ல உட்கார வச்சிருக்காங்க. அந்த ஒரு மணி நேரம் எந்தக் கிளாஸ் கணக்குல சார் போகும்?"

நான் என்ன சொன்னேன் என்று நினைத்துப் பார்க்கிறேன். "அது பள்ளி நிர்வாகம் சம்பந்தப்பட்டது, மேல்முறையீடு பண்ணுங்க" என்றேன். மேல்முறையீட்டுக்கும் இந்தக் கேள்விக்கும் சம்பந்தமே இல்லை, அது அவருக்கும் தெரிந்திருக்கும்.

அன்று ராத்திரி வீட்டில் ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். அதே அட்டவணைதான் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்கிறது. அதே அட்டவணைதான் ஆசிரியருக்கு வாரம் 45 மணி நேரம் என்கிறது, அதுவும் தயாரிப்பு நேரம் உட்பட. ஒரு வகுப்புக்கு நாளைக்கு நாலு மணி என்றால் வாரம் 20, ஐந்து வகுப்புக்கு 100. இரண்டு பேரும் தயாரிப்பே இல்லாமல் 45 மணி நேரமும் நின்று பாடம் நடத்தினாலும் 90தான். அதாவது ஒருவரும் லீவு போடாமல், கூட்டத்துக்குப் போகாமல், மழையே பெய்யாமல் இருந்தாலும் ஈராசிரியர் பள்ளியில் வகுப்புகளைச் சேர்த்து உட்கார வைத்தால்தான் 800 வரும். அவர் கேட்ட கேள்வி பள்ளியைப் பற்றியதே இல்லை, சட்டத்தைப் பற்றியது. இதை அந்த ஆசிரியர்கள் சார்பாகவும் சொல்கிறேன். அதில் ஒருவர் வாக்காளர் பட்டியல் வேலை பார்க்கிற வாக்குச்சாவடி நிலை அலுவலராகவும் இருந்தார். கற்பித்தல் அல்லாத வேலை கொடுக்கக் கூடாது என்கிற, கல்வி உரிமைச் சட்டத்தின் அதே 27-ஆம் பிரிவு தேர்தல், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம் மூன்றுக்கும் விலக்கு கொடுத்திருக்கிறது. எங்கள் பக்கத்தில் இந்த மூன்றாவது சின்ன விலக்கா என்ன? 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது கட்டடம் நின்றிருந்த பள்ளிகளில் எத்தனையோ முகாமாக இருந்தன, வகுப்பறையில் குடும்பங்கள் படுத்திருந்தன.

அப்புறம், சேர்த்து உட்கார வைப்பதே பாவம் என்றும் சொல்லிவிட முடியாது. அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலை பார்த்துத்தானே நடத்தச் சொல்கிறார்கள். நல்ல ஆசிரியர் கையில் அது ஓடுகிறது, நானே பார்த்திருக்கிறேன். ஆனால் பயிற்சிக்குப் போன ஆள் போக மிச்சம் இருக்கிற ஒருவர் ஐந்தையும் மேய்ப்பது அதுவல்ல. ஒரே அறை, ஒரே மணி நேரம், ஒன்று பாடம், இன்னொன்று காவல். பதிவேட்டில் இரண்டுக்கும் ஒரே டிக்.

இரண்டு மூன்று வாரம் கழித்து பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அவரைப் பார்த்தபோது, அடிபட்ட அந்த வரியை வாயால் சொல்லிவிட்டேன். பதிவேடுகளை நீங்களே பார்க்கலாம் ஐயா, ஆசிரியர் என்றைக்கு வெளியே போனார் என்று நகர்வுப் பதிவேட்டில் இருக்கும், எழுதிக் கொடுங்கள், ஏற்பாடு பண்ணுவோம் என்று. அலுவலருக்குத் தெரியாமல் பெரிய காரியம் செய்துவிட்டதாக எனக்குள் ஒரு நினைப்பு. அவர் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"புள்ளை அங்கதானே சார் படிக்கிறான். நான் போய் ரெஜிஸ்டரைப் புரட்டிட்டு வந்தா, மறுநாள் அவனை யாரு பார்ப்பா?"

காரணம் சொல்லாமலே தகவல் கேட்கலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. காரணம் கேட்காமலே ஊருக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்பது சட்டத்தில் இல்லை. அந்த ஆசிரியர்கள் பிள்ளையிடம் முகம் காட்டுகிறவர்கள் இல்லை என்று எனக்குத் தெரியும். அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை, அவர் நம்புவதற்கு நான் என்ன ஆள்?

மணிக் கணக்குக்கு ஒரு பதிவேடு வைக்கச் சொல்லி மேலே எழுதலாமா என்று சில நாள் யோசித்தேன். எழுதியிருந்தால் ஒருவேளை எமிஸில் இன்னொரு கட்டம் வந்திருக்கும். அதை நிரப்ப ஆசிரியருக்குத் தினம் கொஞ்ச நேரம் போகும், பாட நேரத்திலிருந்துதான் போகும். கடைசியில் 800-க்குக் கீழே ஒரு பள்ளியும் வராது, அது எனக்கு நிச்சயம். அதற்காக எண்ணாமலே இருப்பது சரியா என்று கேட்டால் அதற்கும் ஆமாம் என்று சொல்ல மனம் வரவில்லை. எங்கள் கண்காணிப்பாளரிடம் அந்த ஐந்து வகுப்புக் கேள்வியைக் கேட்டேன். "அஞ்சுலயும் போடு, அஞ்சு கிளாஸும் ஹாஜர்தானே" என்றார். பக்கத்து சீட் நண்பர் ஐந்தால் வகுக்க வேண்டும் என்றார். ஆளுக்கு ஒரு பக்கம் வாதாடி மத்தியானச் சாப்பாடு நேரம் போனது.

மறு வருஷம் அந்தப் பையனைத் தனியார் பள்ளியில் போட்டுவிட்டார்கள், வேன் வருகிறது. 800 மணி நேரம் அந்தப் பள்ளிக்கும்தான். அங்கே நேராக மனுப் போட்டுக் கேட்க முடியாது, எங்கள் துறை வழியாகத்தான் சுற்றி வர வேண்டும். "பீஸ் கட்டுறப்ப கேட்டுக்குவேன் சார்" என்றார். கேட்டாரா என்று நான் விசாரிக்கவில்லை.

இப்போதெல்லாம் இந்த மாதிரி மனு வந்தால் பார்வையிடும் வரியை வரைவில் வைத்துவிடுகிறேன். இப்போதைய அலுவலர் அதை அடிப்பதில்லை. பார்வையிட இதுவரை ஒருவரும் வரவில்லை. வந்தால் எந்தப் பதிவேட்டைக் காட்டினால் மணி நேரம் தெரியும் என்று எனக்கே தெரியாது என்பதால், வராதவரை நிம்மதியாகவும் இருக்கிறது.