நாலு நாள் லீவில் ஒரு குல்லா

பிறந்த குழந்தைக்குப் பின்னிக் கொடுக்க ஸ்வெட்டரைவிடக் குல்லாதான் தோது. 50 கிராம் நூல் உருண்டை ஒன்று, 4 மி.மீ. ஊசி ஒரு ஜோடி, தொடக்கத்துக்கு மட்டும் 5 மி.மீ. ஊசி ஒன்று, இவ்வளவு போதும். நம் ஊர் வெயிலுக்குப் பருத்தி நூல் எடுங்கள். ரோமம் உதிரும் நூல் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம், இழை வாய்க்குள் போகும்.

முதலில் ஒரு சதுரம் பின்னி, 10 செ.மீ. அகலத்தில் எண்ணுங்கள். 22 கண்ணி (நூல் வளையம்) வந்தால் குல்லாவுக்கு 72 ஏற்றலாம், அதாவது தொடக்க வரிசையாக ஊசியில் போடலாம். சொதப்புவது இங்கேதான். இறுக்கி ஏற்றினால் விளிம்பு தலையில் ஏறாது, மற்றதெல்லாம் சரியாக இருந்தும் வீண். 5 மி.மீ. ஊசியில் ஏற்றிவிட்டு 4-க்கு மாறுங்கள்.

இரண்டு நிட் (நேர்ப் பின்னல்), இரண்டு பர்ல் (எதிர்ப் பின்னல்) என்று 3 செ.மீ. பிறகு ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல், மொத்த உயரம் 10 செ.மீ. ஆகும்வரை. அடுத்த நிட் வரிசையில் 6 கண்ணி பின்னி, 2-ஐ ஒன்றாகச் சேர்ப்பது, முடியும்வரை இப்படியே. 63 மிஞ்சும். அடுத்தடுத்த நிட் வரிசைகளில் அந்த 6 என்பது 5, 4, 3, 2, 1 என்று இறங்கி, கடைசி வரிசையில் வெறுமனே இரண்டிரண்டாகச் சேர்த்தால் 9 நிற்கும். நடுவில் எண்ணிக்கை 9-ன் மடங்காக வராவிட்டால் எங்கோ கண்ணி நழுவியிருக்கிறது, பிரித்துவிடுவதே மேல்.

நூலை 45 செ.மீ. விட்டு வெட்டி, ஒன்பதிலும் கோத்து இழுத்து, அதே நூலால் பக்கத்தைத் தையுங்கள். பட்டன், பொம்பொம் எதுவும் வேண்டாம். ஆசையாக இருந்தால் அம்மாவுக்கு ஒரு குல்லா பின்னி அதில் வையுங்கள்.