அண்ணனின் பித்தநாளமும் ஒரு சின்ன ஆர்ட்டரியும்

போன வருடம் அண்ணனுக்குக் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. அண்ணிதான் தன் கல்லீரலின் வலது பாதியைக் கொடுத்தார். முதல் வாரம் முழுக்க நான் ஐசியூ வாசலிலேயே கிடந்தேன். தினமும் காலையில் ரத்தக்குழாயில் ஓட்டம் இருக்கிறதா என்று பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுக்க ஒரு டாக்டர் உள்ளே போவார், அவர் வெளியே வந்ததும் சர்ஜன் போனில் கேட்பது ஒன்றுதான்: "ஆர்ட்டரி ஓடுதா?"

எனக்கு இது புரியவில்லை. கல்லீரலுக்குப் போகும் ரத்தத்தில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு, குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் வரும் போர்ட்டல் வெயின் வழியாகத்தான் போகிறது. ஹெபாட்டிக் ஆர்ட்டரி, அதாவது கல்லீரலுக்குப் போகும் தமனி, தருவது மீதிக் கால் பங்கு, அதுவும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலக் குழாயில், மைக்ரோஸ்கோப் வைத்துத் தைத்தது. அதைப் போய் ஏன் இப்படிக் காவல் காக்கிறார்கள்?

விஷயம் பித்தநாளத்தில், கல்லீரலில் சுரக்கும் பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுபோகும் குழாயில், இருக்கிறது. கல்லீரல் செல்களுக்கு இரண்டு பக்கமும் சோறு கிடைக்கிறது, பித்தநாளங்களுக்கு அப்படி இல்லை, அவற்றைச் சுற்றிப் பின்னியிருக்கும் மெல்லிய ரத்தக்குழாய் வலைக்கு ஆர்ட்டரிதான் ஊட்டுகிறது. கல்லீரலுக்கு வெளியே இருக்கும் பெரிய பித்தநாளத்தை 1979-ல் நார்த்தோவர், டெர்பிளான்ச் என்ற இரண்டு சர்ஜன்கள் ஆராய்ந்தார்கள். அதற்கு வரும் ரத்தத்தில் சுமார் 60 சதவீதம் கீழிருந்து மேலே ஏறுகிறது, 38 சதவீதம்தான் மேலிருந்து இறங்குகிறது என்று காட்டினார்கள். மாற்று அறுவையில் கீழ்வழி அறுபட்டுவிடும், அதனால் புதுக் கல்லீரலோடு வரும் பித்தநாளம் மேலிருந்து இறங்குவதை மட்டுமே நம்பி இருக்கிறது. நம் சொந்தக் கல்லீரலில் ஆர்ட்டரி அடைத்தால் உதரவிதானம் பக்கத்திலிருந்து சின்னக் கிளைகள் உதவிக்கு வரலாம், மாற்றி வைத்த கல்லீரலில் அந்தக் கிளைகளையும் வெட்டித்தான் எடுத்திருப்பார்கள். ஆரம்ப நாட்களில் ஆர்ட்டரி அடைத்தால் பித்தநாளம் அழுகி, பித்தம் கசிந்து, சீழ் கட்டி, சில சமயம் இன்னொரு கல்லீரல் தேட வேண்டிய நிலைக்குப் போய்விடும்.

இரண்டாவது விஷயத்தைக் கேட்டு வீட்டில் எல்லோரும் பயந்துவிட்டோம். ஆபரேஷன் முடிந்து வந்த சர்ஜன், மண்ணீரலுக்குப் போகும் ஆர்ட்டரியைக் கட்டிவிட்டதாகச் சொன்னார். கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் என்ன சம்பந்தம் என்று அம்மா அழவே ஆரம்பித்துவிட்டார். காரணம் இதுதான்: முழுக் கல்லீரலுக்கு வர வேண்டிய போர்ட்டல் ரத்தம் அத்தனையும் இப்போது பாதிக் கல்லீரலுக்குள் பாய்கிறது. அங்கே அடினோசின் என்ற பொருள் ஓயாமல் சுரந்துகொண்டே இருக்கும், அது தேங்கினால் ஆர்ட்டரி விரியும். போர்ட்டல் வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போய்விட்டால் ஆர்ட்டரி சுருங்கும். அதாவது வெயினில் ரத்தம் கூடக் கூட, பித்தநாளத்தின் ஒரே சோற்றுவழி குறுகுகிறது! மண்ணீரல் ஆர்ட்டரியைக் கட்டினால் போர்ட்டல் வெயினுக்குப் போவது குறையும், இரண்டு ஆர்ட்டரியும் ஒரே தண்டிலிருந்து பிரிவதால் கல்லீரல் பக்கமும் கூடுதலாகத் திரும்பும். அம்மாவுக்கு வாய்க்கால் மடையை வைத்துச் சொன்னேன், உடனே புரிந்துகொண்டார்.

இதே உறவைத் தலைகீழாகவும் பயன்படுத்துகிறார்கள். முயலின் போர்ட்டல் கிளை ஒன்றைக் கட்டினால் அந்தப் பக்கம் சுருங்குகிறது, மறுபக்கம் வளர்கிறது என்று 1920-லேயே ரௌஸும் லாரிமோரும் காட்டினார்கள். சுருங்கிய பக்கத்துக்கு ஆர்ட்டரி இன்னும் ஓடுவதால் அது அழுகிப்போவதில்லை. புற்றுநோய்க்குக் கல்லீரலில் பெரும்பகுதியை வெட்டுவதற்கு முன்னால், மிஞ்சப்போகும் பக்கத்தை வளர்க்க 1980-களில் ஜப்பானில் போர்ட்டல் கிளையை அடைக்கும் முறையைக் கொண்டுவந்தது இந்த அடிப்படையில்தான்.

சரி, அண்ணன் கதைக்கு வருகிறேன். ஆறாவது மாதம் கண் மஞ்சளானது, உடம்பெல்லாம் அரிப்பு. ரத்தப் பரிசோதனையில், பித்தநாளம் அடைபட்டால் ஏறும் ஜிஜிடி, அல்கலைன் பாஸ்பட்டேஸ் இரண்டும் ஏறியிருந்தன. முதலில் டாப்ளர் எடுக்கச் சொன்னார்கள், இந்த முறை ஏன் என்று நான் கேட்கவில்லை. ஆர்ட்டரி நன்றாக ஓடியது. அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது, ஏனென்றால் ரத்தம் போதாமல் உள்ளே பல இடங்களில் நாளம் சுருங்கினால் சரிசெய்வது கடினம். அண்ணனுக்குப் பித்தநாளத்தைத் தைத்த இடத்தில் மட்டும்தான் சுருக்கம். ஈஆர்சிபி செய்து, அதாவது வாய் வழியாக எண்டோஸ்கோப்பை இறக்கி, நாளத்தை விரித்து வைக்கும் சின்னக் குழாயான ஸ்டென்ட்டை வைத்தார்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றினார்கள். கடைசி ஸ்டென்ட்டைப் போன மாதம் எடுத்தாயிற்று. அடுத்த டாப்ளர் வரும் வெள்ளிக்கிழமை, நானும் அண்ணியும் கூடப் போகிறோம்.