சன்னலை அடைக்கச் சொல்லுட்டி

பிரசவ வார்டில் முதல் ராத்திரி. செவிலியர் சிரித்த முகமாக உள்ளே வந்து ஒரு பொட்டலத்தைக் கையில் கொடுத்தார். மெல்லிய துணி சுற்றிய ஐஸ் பட்டை. எதற்கு என்று நான் விழிப்பதைப் பார்த்து, தையல் போட்ட இடத்தில் வைத்துக்கொள் என்று சைகையில் காட்டினார். ஜனவரி மாதம், ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் நகரம், வெளியே பனி கொட்டுகிறது, எனக்கு ஐஸ் கொடுக்கிறார்கள்.

பாளையங்கோட்டையில் எங்கள் அக்கா பிள்ளை பெற்றிருந்தபோது காதில் பஞ்சு, தலையில் துண்டு, காலில் சாக்ஸ். சித்திரை வெயிலில்கூட மின்விசிறியை ஒன்றாம் எண்ணுக்கு மேல் ஏற ஆச்சி விடவில்லை. பச்சை உடம்புக்காரி பச்சைத் தண்ணீரில் விரலை நனைத்தாலே ஜன்னி கண்டுவிடும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

ஐஸை வைத்துப் பார்த்தேன். அப்படி ஒரு சுகம். அதைப் பற்றி அம்மாவிடம் இன்றுவரை வாய் திறக்கவில்லை.

சாப்பாடும் குளிர்ச்சிதான். இங்கே பலருக்கு ராத்திரிச் சாப்பாடு என்றால் ரொட்டி, பாலாடைக்கட்டி, ஊறவைத்த வெள்ளரிக்காய். அடுப்புக்கு வேலையே இல்லை. தட்டைப் பார்த்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்துக் கட்டில் பெண் நான் வலியில் அழுகிறேன் என்று நினைத்து மணியை அழுத்த, செவிலியர் ஓடி வந்து இபுபுரூஃபன் மாத்திரை கொடுத்துவிட்டுப் போனார். பூண்டுக் குழம்புக்காக அழுகிறவளுக்கு இபுபுரூஃபன்.

அம்மாவால் வர முடியவில்லை. அப்பாவுக்கு அப்போதுதான் இதய அறுவை முடிந்திருந்தது. அவருக்குப் பத்தியம் பார்ப்பதா, எனக்கு லேகியம் கிண்டுவதா என்ற குழப்பத்தில் அம்மா அங்கேயே இருந்துவிட்டாள். லேகியம் மட்டும் கூரியரில் வந்தது. சுங்கத்தில் யாரோ திறந்து பார்த்து மறுபடி ஒட்டிய அடையாளம் பெட்டியில் இருந்தது. சுக்கும் திப்பிலியும் மணக்கும் அந்தக் கறுப்பு உருண்டையைப் பார்த்து அந்த மனிதர் என்ன நினைத்திருப்பாரோ.

இந்த நாட்டில் பிள்ளை பெற்ற ஒவ்வொருத்திக்கும் ஹெபாமே என்கிற மருத்துவச்சி வீடு தேடி வருவார். முதல் 10 நாள் தினமும் வரலாம், அப்புறம் 12 வாரம் வரை தேவைக்கு ஏற்ப. செலவை மருத்துவக் காப்பீடு பார்த்துக்கொள்ளும். உரிமை இருப்பது வேறு, ஆள் கிடைப்பது வேறு. கர்ப்பம் உறுதியான வாரமே தேட ஆரம்பிக்காவிட்டால் அம்போதான். எங்களுக்குக் கிடைத்தவர் ஐம்பது வயதைத் தாண்டியவர், சைக்கிளில் வருவார், வாசலில் காலணியைக் கழற்றுவார். கடைசி விஷயத்திலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

உள்ளே வந்ததும் அவர் செய்த முதல் காரியம் சன்னலை அகலத் திறந்ததுதான். காற்றோட்டம் ஜெர்மன்காரர்களுக்குக் கிட்டத்தட்ட ஒரு மதம். தினமும் சன்னலைத் திறந்து வைக்க வேண்டும் என்று சில வாடகை ஒப்பந்தங்களிலேயே எழுதியிருக்கும். அந்த நேரம் பார்த்து அம்மா வீடியோவில் வந்தாள்.

"யாருட்டி அது? சன்னலை அடைக்கச் சொல்லுட்டி! பச்சை உடம்புல்லா!"

ஹெபாமே கையை ஆட்டி, "ஹலோ ஓமா!" என்றார். பாட்டிக்கு இங்கே ஓமா. அம்மா மரியாதையாகக் கும்பிட்டாள். கும்பிட்ட கையை இறக்காமலே, "அடைக்கச் சொல்லு" என்றாள்.

அடுத்த சண்டை தண்ணீருக்கு. பால் கொடுக்கிறவள் நன்றாகத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று ஹெபாமே பெரிய பாட்டிலை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார். நிறைய குடித்தால் வயிறு தொங்கிப்போகும் என்று அம்மா. இதில் நான் ஹெபாமே கட்சி. தாகத்தை அடக்கி வைக்கும் அந்த வழக்கம் நம் ஊரில் எத்தனை பெண்களை வாட்டியிருக்கிறது என்று நினைத்தால் கோபம்தான் வருகிறது.

தையல் சில வாரத்தில் ஆறிவிட்டது. பால் கொடுக்கும்போது அடிவயிற்றைச் சுருட்டிப் பிடிக்கும் வலி அதற்கும் முன்பே போய்விட்டது. போகாமல் நின்றது வால் எலும்பு வலி. குழந்தையை வேக்குவம் கிண்ணம் வைத்து எடுத்தார்கள். அதில் முதுகெலும்பின் அடிநுனிக்கு அடி பட்டிருக்கிறது. உட்கார்ந்தால் வலி, உட்கார்ந்து எழுந்தால் அதைவிட வலி. ஷ்டுட்கார்ட் கிண்ணம் மாதிரி மலை சூழ்ந்த ஊர், மேலிருந்து கீழே இறங்க ஷ்டெஃப்பெலே என்று சொல்லும் படிக்கட்டுப் பாதைகள் மட்டும் ஊர் முழுக்க 400-க்கு மேல். எங்கள் வீடு நடுச் சரிவில். ஒவ்வொரு படியும் அந்த நுனியில் வந்து தட்டும். டிராமில் இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டே போவேன். எழுந்து இடம் கொடுத்தவர்களுக்கு என்னைப் பற்றி நல்ல அபிப்பிராயம் இருந்திருக்காது.

ஊரிலிருந்து தினமும் அழைப்பு வரும். பால் குடிக்காளா, தூங்குதாளா, நிறம் யாரை மாதிரி, மொட்டை எப்போ. என்னைப் பற்றி யாராவது கேட்டால் அது "பால் போதுதா?" என்பதோடு முடிந்துவிடும். ஒரு தடவை அத்தையிடம் உட்கார முடியவில்லை என்று சொன்னேன். "பிள்ளை பெத்தா வலிக்கத்தான் செய்யும், நாங்கள்லாம் பெறலியா" என்று சொல்லிவிட்டு, பேத்தியைக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

நான் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒற்றைப் பிட்டத்தில் உட்கார்ந்து பால் கொடுப்பதைக் கவனித்தது ஹெபாமேதான். "எங்கே?" என்று கேட்டார். வலிக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை, நேராக எங்கே என்றுதான் கேட்டார். என்னைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, விரலால் ஒவ்வோர் இடமாக மெல்ல அழுத்திப் பார்த்து, சரியாக அந்த இடத்தில் நிறுத்தினார். வலியில் உயிர் போனது. ஆனால் ஒருவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார் என்பதில் எனக்குச் சிரிப்பும் வந்தது.

இடுப்புத் தளத்துத் தசைகள் அந்த எலும்பில்தான் வந்து ஒட்டுகின்றன, வலிக்குப் பயந்து நீ இறுக்கிக்கொண்டே உட்கார்ந்தால் அவை எலும்பை இழுத்துக்கொண்டே இருக்கும் என்று விளக்கினார். பெரும்பாலும் வாரங்களில், சிலருக்கு மாதங்களில் சரியாகும், ஆனால் தானாகப் போகட்டும் என்று விடாதே, ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் வரும் பரிசோதனையில் மருத்துவரிடம் சொல்லி உடற்பயிற்சிச் சிகிச்சைக்குச் சீட்டு வாங்கு என்றார். காய்ச்சல், திடீரென்று அதிகமாகும் ரத்தப்போக்கு, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சுத் திணறல், இதெல்லாம் வந்தால் சீட்டுக்கெல்லாம் காத்திருக்காமல் உடனே கிளம்பு என்றும் சேர்த்துச் சொன்னார். நான் வாங்கி வைத்திருந்த வளைய மெத்தையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, பின்பக்கம் வெட்டு விட்ட ஆப்பு மாதிரியான மெத்தை வாங்கச் சொன்னார். எலும்பு எதிலும் படாமல் அந்த வெட்டில் இறங்கிக்கொள்ளும். அதன்பிறகுதான் முழுதாக ஒரு வேளைச் சோறு உட்கார்ந்து சாப்பிட்டேன்.

இவ்வளவு அறிவியல் தெரிந்த பிறகும் மனசு கேட்டது ஒன்றே ஒன்றைத்தான். வெந்நி.

ஆச்சி அக்காவுக்கு ஊற்றியது இன்னும் கண்ணில் நிற்கிறது. பின்கட்டில் செப்பு அண்டா, நொச்சி இலையும் வேப்பிலையும் போட்டுக் கொதித்த தண்ணீர், விறகுப் புகை. அக்காவை முக்காலியில் குனியவைத்து, செம்பால் மொண்டு, இடுப்பைக் குறிவைத்து ஓங்கி அடிப்பாள். ஊற்றுவது இல்லை, அடிப்பதுதான். அக்கா கத்துவாள். "கத்து, நல்லா கத்து" என்று ஆச்சி அடுத்த செம்பை மொள்ளுவாள். குளித்து முடித்தவள் சாம்பிராணிப் புகையில் தலை காய்ந்து, மிளகு ரசம் குடித்து, செத்ததுபோலத் தூங்குவாள்.

எங்கள் வீட்டுக் குளியலறையில் இருப்பது கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு ஷவர். வாளி கிடையாது. என் வீட்டுக்காரர் கட்டுமானப் பொருள் கடைக்குப் போய், சிமென்ட் குழைக்கும் கறுப்பு வாளி ஒன்றை வாங்கி வந்தார். செம்புக்குப் பதில் பால் காய்ச்சும் கைப்பிடிப் பாத்திரம். அவருக்கு இரண்டு பயம்: எனக்குச் சுட்டுவிடுமோ, கீழ் வீட்டுக்குத் தண்ணீர் இறங்கிவிடுமோ. அதனால் துளசிச் செடிக்கு ஊற்றுகிற பக்குவத்தில் ஊற்றினார். "அடிங்க" என்றேன். "எப்படி அடிக்க?" என்றார். வீடியோவில் அம்மா, சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்த செல்பேசியிலிருந்து, "மாப்பிள்ளை, கையைத் தூக்கி வீசி ஊத்துங்க!" என்று கத்த, அவர் வீசினார். பாதி கண்ணாடியில் பட்டது, பாதி அவர்மேல். கொதிகலனில் சூடும் தீர்ந்துபோனது. கடைசிப் பாத்திரம் பச்சைத் தண்ணீர்.

இதைக் கேட்டு ஹெபாமே சிரித்து ஓய்ந்தபின், மறுநாள் தன் பையிலிருந்து ஒரு சின்னத் துணித் தலையணையை எடுத்தார். ஆட்டினால் கலகலவென்று சத்தம். உள்ளே முழுக்கச் செர்ரிப் பழக் கொட்டைகள். இங்கே எல்லா வீட்டிலும் ஒன்று கிடக்குமாம். வயிற்று வலி, கழுத்துப் பிடிப்பு, ஜில்லென்ற பாதம், எல்லாவற்றுக்கும் அதுதான். மைக்ரோவேவில் கொஞ்ச நேரம் சூடாக்கி, கையில் வைத்துப் பார்த்துவிட்டு இடுப்பில் வைத்தார். முதல் நாட்களில் வீக்கம் இருந்தது, அதனால் ஐஸ். இப்போது இறுகிய தசைக்குச் சூடு என்றார்.

வறுத்த தவிட்டைத் துணியில் முடிந்து ஆச்சி கொடுக்கும் அதே ஒத்தடம். ஓக் மரப்பட்டை போட்ட இதமான தண்ணீரில் உட்காரச் சொன்னதும், சோம்பு போட்ட தேநீர் குடிக்கச் சொன்னதும் அம்மாவுக்குத் தெரிந்தபோது, "அப்போ அவங்களுக்கும் ஆச்சி இருந்திருக்காப்ல" என்றாள். அன்றிலிருந்து சன்னல் குற்றமும் மன்னிக்கப்பட்டது.

அப்புறம் ரியூக்பில்டுங் வகுப்பு. பிரசவத்துக்குப் பின் உடம்பைச் சீராக்கும் பயிற்சி, 10 மணி நேரத்துக்குக் காப்பீடு கட்டிவிடும். ஆரம்பிக்கும் முன் வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருத்தியும் தன் உடம்பு எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும். ஒருத்தி, தும்மினால் சிறுநீர் வந்துவிடுகிறது என்றாள், இரண்டு பேர் தலையாட்டினார்கள். இன்னொருத்தி படுக்கையறை விஷயத்தையே சொன்னாள். எனக்குக் காது சூடாகிவிட்டது. என் முறை வந்தபோது இலக்கணப் பிழைகளோடு வால் எலும்பைப் பற்றிச் சொன்னேன். யாரும் அவசரமாக ஆறுதல் சொல்லவில்லை, கேட்டுக்கொண்டார்கள். பிறகு, உள்ளே ஒரு லிஃப்ட் மாடி மாடியாக ஏறுவதாக நினைத்துத் தசையை இறுக்கச் சொன்னார்கள். என் லிஃப்ட் ஏறிவிட்டது, இறங்கத்தான் மாட்டேன் என்றது. எனக்கு மட்டும் இறக்கும் பயிற்சி தனியாக.

இப்போது வலி முக்கால்வாசி போய்விட்டது. நானும் பாதி ஜெர்மன்காரி ஆகிவிட்டேன், காலையில் எழுந்ததும் சன்னலை நானே திறக்கிறேன். திறந்துவிட்டு, துண்டை எடுத்துக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொள்கிறேன்.

ஒரு நாள் பேச்சோடு பேச்சாக அம்மாவிடம் கேட்டேன், ஏழு பெற்ற ஆச்சிக்கு யார் வெந்நி ஊற்றினார்கள் என்று. "அவளுக்கு யாரு ஊத்த? அவ இடுப்புல கை வைக்காம எழுந்திரிச்சு நான் பார்த்ததே இல்ல" என்றாள். கொஞ்ச நேரம் என் மகளைக் கொஞ்சினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "எட்டி, வரும்போது அந்தக் கொட்டைத் தலையணை ரெண்டு வாங்கிட்டு வா. ஒண்ணு சித்திக்கு. உன் தம்பியைப் பெத்ததுலேர்ந்து எனக்கும் குறுக்கு பிடிச்சுக்கிட்டே கிடக்கு" என்றாள்.

நம் வீட்டில் மைக்ரோவேவ் இல்லையே என்றேன். தோசைக்கல்லில் போட்டுக்கொள்கிறாளாம். துணி கருகிவிடும் என்றேன். தையலைப் பிரித்து, கொட்டையை மட்டும் வாணலியில் வறுத்து, பழைய வேட்டித் துணியில் முடிந்துகொள்கிறாளாம்.