திருப்பூருக்குப் போன ஓடிபி

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் நடுவில், பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் தாலுகாவில் இருக்கிறது. வீட்டில் தமிழ், ரேஷன் கடையில் மலையாளம், பெரிய வைத்தியத்துக்கும் கல்யாணப் பட்டுக்கும் கோயம்புத்தூர் அல்லது பொள்ளாச்சி. நான் இங்கே தமிழ் வழி ஆரம்பப் பள்ளியில் டீச்சர். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகச் சாலைகளில் போலீஸ் தடுப்பு வைத்தபோதுதான் எல்லை என்று ஒன்று இருப்பதே என் மாணவர்களில் பலருக்குத் தெரிந்தது. அதுவரை அது பஸ் நின்று கிளம்பும் ஓர் இடம், அவ்வளவுதான்.

அந்த நாட்களில் மைக் கட்டிய ஆட்டோ ஒன்று தெருத்தெருவாக வரும். "சாமூஹிக அகலம் பாலிக்குக" என்று கத்திக்கொண்டே போகும். மலையாளத்தில் அகலம் என்றால் தூரம், இடைவெளி. நமக்கோ அது நீள அகலத்து அகலம். தேங்காய்க் களத்தில் வேலை செய்யும் தாத்தா ஒருவர் என்னிடம் வந்து, "எத்தனை அடி அகலம் கேட்கிறார்கள் டீச்சர்? வீட்டை இடிக்க வேண்டி வருமா?" என்றார். கேலி செய்கிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. சாலையை அகலப்படுத்தப் போகிறோம் என்று சிலர் வந்து அவர் வாசலில் அளவெடுத்துப் போய் ஆறு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. உடுமலையிலிருந்து புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்த பெண்ணுக்கோ, 'பனியுள்ளவர் வெளியே வரக்கூடாது' என்றால் சித்திரை வெயிலில் ஏது பனி என்று குழப்பம். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல் என்பதை அவளுக்கு மாமியார் சொல்லித் தர வேண்டியிருந்தது.

1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி இங்குள்ள தமிழரும் கன்னடரும் அரசுடன் தங்கள் மொழியிலேயே எழுதிக்கொள்ளலாம். சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் தொற்று பரவும் வேகத்துக்குத் தமிழ் நோட்டீஸ் வந்து சேராது. எங்கள் கைக்கு அது வந்தபோது அதில் சொல்லியிருந்த கட்டுப்பாடு இரண்டு முறை மாறியிருந்தது.

2021 ஏப்ரல் 1 முதல் 45 வயதைத் தாண்டிய எல்லோருக்கும் தடுப்பூசி என்றார்கள். வார்டு குழுவில் என்னையும் சேர்த்தார்கள். வீடுவீடாகப் போய்ச் சுகாதார வேலை பார்க்கும் ஆஷா பணியாளர் மலையாளி. தங்கமான மனுஷி, ஊரில் அவர் ஏறாத திண்ணை இல்லை. என் வேலை, மலையாளத்தில் வரும் அறிவிப்பைத் தமிழாக்கி ஒட்டுவது. 'பயனாளிகள் தடுப்பூசி செலுத்திக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' என்று நல்ல தமிழில் எழுதி, ரேஷன் கடை, பால் சொசைட்டி, அங்கன்வாடி என்று ஒட்டினேன். ஒரு வாரம் ஆயிற்று. சுவரொட்டியை நம்பி ஓர் ஆள் வரவில்லை.

அதற்குள் அந்தச் சனிக்கிழமை வந்தது. ஏப்ரல் 15 அன்று தடுப்பூசி போட்டுக்கொண்ட நடிகர் விவேக், 17-ஆம் தேதி அதிகாலையில் இறந்துபோனார். இதயக் குழாயில் முழு அடைப்பு, ஊசிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அதே ஆண்டு அக்டோபரில் மத்திய அரசின் நிபுணர் குழுவும் அப்படித்தான் அறிவித்தது. ஏப்ரலில் யார் காதில் அது ஏறும்? எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அன்று முழுக்க அவருடைய சிரிப்புக் காட்சிகளும் இறுதி ஊர்வலமும்தான். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "ஊசி வேண்டாம் டீச்சர்" என்றார்கள்.

ஆஷா பணியாளருக்கு ஒன்றும் புரியவில்லை. நேற்றுவரை தலையாட்டியவர்கள் இன்று கதவைச் சாத்துகிறார்களே என்று என்னிடம் வருத்தப்பட்டார். அவர் வீட்டு டிவியில் மாலையானால் கேரள முதலமைச்சரின் பத்திரிகையாளர் சந்திப்பு ஓடும். இங்கே ஓடுவது சென்னைச் செய்தி. ஒரே வார்டு, ஒரே குடிநீர்க் குழாய். ஆனால் பயம் மட்டும் வேறு வேறு ஊரிலிருந்து வந்தது. மே மாதம் இது இன்னும் வேடிக்கையானது. கேரளத்தில் 8-ஆம் தேதி ஊரடங்கு, தமிழ்நாட்டில் 10-ஆம் தேதி. சென்னைச் செய்தியைப் பார்த்துவிட்டு, மளிகைக் கடை மதியம் 12 மணிக்கே மூடிவிடும் என்று அரக்கப் பரக்க ஓடினார்கள். அது நமக்கான உத்தரவு இல்லை என்று நான் சொன்னால், "தமிழில்தானே சொன்னார்கள்?" என்று பதில் வரும்.

சுவரொட்டியைக் கைவிட்டேன். அங்கன்வாடியில் சமைக்கும் அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. அவர் ஊசி போட்டுக்கொண்டு மூன்றாம் நாளே அடுப்படிக்கு வந்துவிட்டார். அவரையே பேசச் சொல்லிப் போனில் பதிவு செய்தேன். "கை வலித்தது கண்ணு. ராத்திரி காய்ச்சல் அடித்தது. மாத்திரை போட்டுப் படுத்தேன். எனக்கும் சர்க்கரை இருக்கிறது, தெரியும்தானே?" ஒரு நிமிடம்கூட இல்லை. பெண்கள் சுய உதவி அமைப்பான குடும்பஸ்ரீயின் வாட்ஸாப் குழுவில் போட்டோம். அன்று இரவே நான்கு பேர் ஆதாரோடு வீட்டுக்கு வந்தார்கள். அவருடைய பேச்சில் பயனாளியும் இல்லை, செலுத்திக்கொள்ளுமாறும் இல்லை. தமிழ் டீச்சர் நான் கொஞ்சம் கூசித்தான் போனேன்.

அடுத்த கண்டம், தடுப்பூசிக்குப் பெயர் பதியும் கோவின் இணையதளம். அப்போது அது ஆங்கிலத்தில்தான் இருந்தது. இந்தியும் மற்ற மொழிகளும் ஜூனில்தான் வந்தன. ஒரு போன் எண்ணில் அன்று நான்கு பேரைப் பதிய முடிந்தது. அந்த எண்ணுக்கு வரும் ஓடிபியை மூன்று நிமிடத்துக்குள் தட்ட வேண்டும். பகலில் போய்ப் பயனில்லை. போன் மகனோடு வேலைக்குப் போயிருக்கும். இரவு எட்டு மணிக்கு மேல்தான் வீடுவீடாகப் போனோம். பெயர் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் எடுத்த ஆதாரில் முன்னால் ஓர் எழுத்து, இங்கே எடுத்த வாக்காளர் அட்டையில் அந்த எழுத்தே கிடையாது. எந்த அட்டையைக் கொண்டு பதிகிறோமோ அதையே மையத்துக்கும் கொண்டுவர வேண்டும் என்பதை நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. முகவரி எந்த மாநிலமாக இருந்தாலும் பரவாயில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

கடைசி வீட்டுப் பாட்டியிடம் போனே இல்லை. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில். அவன் எண்ணில் பதிந்தோம். ஓடிபி திருப்பூருக்குப் போகும். அவன் மிஷின் சத்தத்தில் எடுக்க மாட்டான். எடுத்தால் மூன்று நிமிடம் முடிந்திருக்கும். நான்கு இரவுகள் இப்படியே போயின. ஐந்தாம் இரவு அவன் ஆறு எண்களையும் கத்திச் சொல்ல, பாட்டி குறுக்கே புகுந்து "சாப்பிட்டாயா?" என்று கேட்க, எனக்கு ஓர் எண் தவறிவிட்டது. மறுபடி முதலிலிருந்து.

பழங்குடியினரான எரவாளர் குடியிருப்பில் நான் போய் மொழி பெயர்க்க ஒன்றும் இல்லை. அவர்கள் பேச்சு தமிழை ஒட்டியது. ஊசியைப் பற்றி அவர்கள் பயப்படவும் இல்லை. "மறுநாள் காய்ச்சல் வந்தால் கூலியை யார் தருவார்கள்?" என்று ஒரு பெண் கேட்டார். எனக்கு அது தோன்றவே இல்லை, சம்பளம் வாங்குகிறவள் அல்லவா. வார்டு மெம்பரும் நானும் தோட்டக்காரர்களைப் பார்த்தோம். கூலியோடு விடுப்பு என்றதும் பேச்சை மாற்றினார்கள். ஒருவர் மட்டும் அரைக் கூலிக்குச் சம்மதித்தார். சுகாதார நிலையத்தில் கேட்டு முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றிக்கொண்டோம். காய்ச்சல் வந்தால் ஞாயிற்றுக்கிழமையோடு போகட்டும் என்ற கணக்கு. அட்டை எதுவும் இல்லாத முதியவர்கள் சிலரை, அடையாள அட்டை இல்லாதோருக்காக மே மாதம் மத்திய அரசு வெளியிட்ட நடைமுறையைக் காட்டிச் சேர்த்தோம். அந்தத் தாளை அச்சடித்துக் கையில் வைத்திருந்தது நல்லதாயிற்று.

நார் மில்லில் இருந்த ஒடிசாப் பையன்களிடம் என் இந்தி எடுபடவில்லை. அவர்களில் ஒருவனுக்கு மலையாளம் வந்தது. அவன் பேசினான், நான் பெயர்களை மட்டும் எழுதினேன்.

பாட்டிக்கு ஜூன் முதல் வாரத்தில் முதல் ஊசி. கோவிஷீல்டு, எனவே அன்றைய விதிப்படி 84 நாள் கழித்துத்தான் அடுத்தது. ஓணம் முடிந்து பள்ளிக் கணக்கில் நான் முழுகிக் கிடந்த ஒரு மத்தியானம் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. பின்னால் மிஷின் சத்தம்.

"டீச்சர், அம்மாவுக்கு இரண்டாவது ஊசிக்கு மெசேஜ் வந்திருக்கிறது. இப்போது வெளியே வந்து நிற்கிறேன். ஓடிபி போடுங்கள், உடனே சொல்கிறேன்" என்றான்.