திரைக்குப் பின்னால் புத்தக மாடம்

கர்நாடகத்தின் பீஜப்பூர் போகிறவர்கள் கோல் கும்பஸ் என்ற பெரிய குவிமாடக் கல்லறைக்குள் ஒரு சத்தம் போட்டு, எதிரொலியைக் கேட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அங்கிருந்து ஆட்டோ ஏறினால் கொஞ்ச தூரத்தில் ஜும்ஆ பள்ளிவாசல் இருக்கிறது. எனக்கு அந்த ஊரிலேயே அதிகம் பிடித்த இடம் அதுதான்.

1565இல் விஜயநகரத்தைத் தலைக்கோட்டைப் போரில் வென்ற பிறகு பீஜப்பூர் சுல்தான் முதலாம் அலி ஆதில் ஷா தொடங்கிய கட்டடம் இது. கடைசிவரை முழுசாக முடியவில்லை; கிழக்குப் பக்கம் எழவேண்டிய மினாராக்கள் எழவே இல்லை. முற்றத்தில் நின்று பார்த்தால் எதிரே வரிசையாக வளைவுகள். நடு வளைவின் விளிம்பை மட்டும் இதழ் இதழாகச் செதுக்கியிருக்கிறார்கள். மற்றதெல்லாம் அலங்காரமே இல்லாமல், அளவாலேயே அழகாக நிற்கின்றன.

உள்ளே வெள்ளைச் சுவர், கனத்த தூண்கள். நடுவில் மட்டும் தூணே இல்லாத பெரிய சதுரம், அதன் தலைமேல் குவிமாடம். சதுரத்தின் மேல் வட்டத்தை எப்படி உட்கார வைத்தார்கள் என்று கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தேன். வளைவுகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொண்டு ஏறி, மூலைகளை ஒடுக்கி, வட்டத்துக்கு இடம் கொடுக்கின்றன. பின்னாளில் கோல் கும்பஸைத் தாங்கியதும் இதே உத்திதான்.

தரையில் கறுப்புக் கோட்டால் ஆளுக்கொரு தொழுகைப் பாய் அளவில் 2,250 கட்டங்கள். 1686இல் ஊரைப் பிடித்த அவுரங்கசீப், இங்கிருந்த கம்பளங்களை எடுத்துக்கொண்டு, பதிலுக்கு இவற்றை வரையவைத்தார் என்று சொல்கிறார்கள். ஒன்றுக்குள் மண்டியிட்டு உட்கார்ந்தேன். எனக்கென்றே அளந்ததுபோல் இருந்தது.

மேற்குச் சுவரில், தொழும் திசையைக் காட்டும் மாடமான மிஹ்ராபைத் திரை போட்டு மூடியிருந்தார்கள். “சாச்சா, இரண்டு நிமிஷம்” என்று அரைகுறை உருதுவில் கேட்டேன். காவலுக்கு இருந்த பெரியவர் சிரித்துக்கொண்டே திரையை விலக்கினார்.

அப்பா, எத்தனை பொன்! முகம்மது ஆதில் ஷா காலத்தில், 1636இல், மாலிக் யாகூத் செய்த வேலை. நீலத்திலும் சிவப்பிலும் பொன் எழுத்துகள் ஓடுகின்றன. சுவரில் குடைந்ததுபோலவே தீட்டிய பொய் மாடங்கள். ஒன்றில் பூச்சாடி, இன்னொன்றில் அட்டை போட்ட புத்தகங்கள். யாரோ படித்துவிட்டு இப்போதுதான் வைத்துவிட்டுப் போனது மாதிரி. கை நீட்டி ஒன்றை எடுக்கலாம் போலிருந்தது. மொத்தப் பள்ளிவாசலிலும் அடக்கிவைத்த வண்ணத்தையெல்லாம் இந்த ஒரு சுவருக்காகவே சேர்த்துவைத்திருக்கிறார்கள்.

அஸர் என்ற பிற்பகல் தொழுகைக்கு ஆள் வர ஆரம்பித்ததும் பெரியவர் திரையை மூடினார். மறுநாள் காலை, ரயிலுக்கு முன்னால் இன்னொரு தடவை போய்ப் பார்த்தேன்.